புள்ளிமான்களும் ஒரு கார்டின் மீசையும்

நெடுங்குன்றம்,
புதன்கிழமை, காலைப் பலகாரம் முடிந்து.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சாலமன் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் ஏசுபாதம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எனக்கு இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது, தபீதாளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீங்கள் இரவல் கொடுத்த நாய் சிம்சோன் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறது. வெண்டை, கத்திரி, அவரை, தண்டுக்கீரை ஆகிய நால்வரும் சுகமாக இல்லை. சரியாகச் சொன்னால், அவர்கள் இப்போது இல்லவே இல்லை. அங்கே உங்கள் சுகத்துக்கும் கிறிஸ்டினா அக்கா சுகத்துக்கும் உங்கள் மகள், என் மருமகள் ஏஞ்சல் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன்.

பொழிச்சலூருக்கும் நெடுங்குன்றத்துக்கும் நடுவில் என்ன பெரிய தூரம், போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் சிரிக்கிறீர்கள் மச்சான். போன வாரம் "மச்சான், மான்..." என்று இரண்டே வார்த்தைதான் சொன்னேன், அதற்குப் பிறகு உங்கள் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நீங்கள் எந்த இடத்தில் சிரித்தாலும் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகலாம். ஏஞ்சல் கேளம்பாக்கத்து ஆபீஸிலிருந்து திரும்பும்போது இங்கே ஒரு வாய் காபி குடிக்க வண்டியை நிறுத்துவாள் அல்லவா, அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. அதற்கு முன்னால் நீங்கள் இதை முழுக்கப் படித்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் உங்கள் வாய்தான், இதை நான் முகத்துக்கு நேராகவே சொல்வேன். போன வருஷப் பண்டிகையில் ஆராதனை முடிந்து, பந்தலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட மைக் உங்கள் கைக்கு வந்ததும், உங்களுக்கு ஒரு தெம்பு வந்தது. ஒற்றை எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டியே சபையைப் போட்டி போட வைக்கிறவர் நீங்கள். எல்லாரையும் போல நானும் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு முட்டைக்கோசு வாங்கி மேஜையில் வைத்திருந்தேன். நம் சபையில் யார் வயலில் அறுத்துக்கொண்டு வந்து வைக்கிறார்கள், சொல்லுங்கள்? ஆனால் நீங்கள் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இது நம்ம ரயில்வே மாப்ள கொண்டாந்த கோசு! வூட்டுக்குப் பின்னால அம்மாம் பெரிய நெலம் கீது, அதுல கோரைப்புல்லு வெளையுது, கோசு மட்டும் மார்க்கெட்டுல வெளையுது! யாருக்கு வேணும், கேளுங்க!" என்றீர்கள். ஆயரே சிரித்துவிட்டார். மெட்டில்டா அக்கா சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று பாட்டுப் புத்தகத்தின்மேல் விழுந்தது. உங்கள் தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து, "அடுத்த வருஷம் என் சொந்தத் தோட்டத்துலேர்ந்து கூடை நெறைய கொண்டாந்து இதே மேஜையில வைக்கலேன்னா, இந்த மீசைய எடுத்துடறேன்!" என்று சொல்லித் தொலைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சட்டைப்பையில் ரோஜா இல்லாமல் கோயிலுக்கு வராத நம்முடைய ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஞானஜோதி சார் எழுந்து நின்று, "சபை சாட்சி" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் என்னைப் பார்த்ததும் முதலில் "மீசை சௌக்கியமா?" என்று விசாரிக்கிறார், பிறகுதான் எனக்கு வணக்கம். இந்த மீசை நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வைத்தது மச்சான். கடற்கரை தாம்பரம் மின்சார ரயிலில் கார்டு பெட்டி ஜன்னலில் இது தெரிந்தால் ஓடி வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடுவார்கள். பெண் பார்க்க வந்தபோது என்னிடத்தில் தான் நிமிர்ந்து பார்த்தது இதை மட்டும்தான் என்று உங்கள் தங்கையே சொல்லியிருக்கிறாள். இது போனால் மிச்சம் இருக்கிற ஏசுபாதத்தை அவளுக்கு அடையாளம் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆகவே கோரைப்புல்லை வெட்டினேன், மண்ணைக் கொத்தினேன், ஆடியில் விதை போட்டேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், எல்லாம் முளைத்தது. வெண்டை என் இடுப்பு உயரம் வந்தது, கத்திரி பூ விட்டது, அவரை பந்தலில் ஏறியது, தண்டுக்கீரை தழைத்தது, குளியலறைச் சுவர் ஓரமாகச் சும்மா வீசிய பரங்கி விதைகூடக் கொடி விட்டது. உங்கள் தங்கைக்கு அப்படி ஒரு பூரிப்பு. நம் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போய், "எங்க வூட்டுக் கூடை இந்த வருஷம் மார்க்கெட் பக்கமே திரும்பாது" என்று மெட்டில்டா அக்கா காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் கண்ணாடியில் மீசையைப் பார்க்கும்போது பயம் போயிருந்தது.

அப்புறம் ஒரு நாள் விடியலில் போய்ப் பார்க்கிறேன், வெண்டைச் செடிக்கெல்லாம் தலையைக் காணோம். யாரோ கத்திரிக்கோலால் வெட்டின மாதிரி ஒரே மட்டத்தில் மொட்டையாக நிற்கின்றன. அடுத்த தெரு கன்னியம்மா ஆடு வளர்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நேராகப் போய், "ஆட்டைக் கட்டி வளர்க்கத் தெரியாதா?" என்று கத்தினேன். ஆடு எனக்கு முன்னால்தான் கட்டிக் கிடந்தது, அதைக் கோபத்தில் நான் கவனிக்கவில்லை. கன்னியம்மா சாணி தட்டிக்கொண்டே, "இன்னா சார் காலங்காத்தால பேஜார் பண்ற? என் ஆடு இங்க கட்டிக்கீது, கண்ணு தெரியலையா? உன் வூட்டாண்ட வந்தது காட்டு மானு. மதிலு இடிஞ்சி கீதே, அது வழியா கும்பலா வந்து ரெண்டு காலுல நின்னுகினு அவரைய இஸ்து துண்ணுது. போய் அத்தக் கேளு!" என்றாள். எங்கள் தெருக்கோடியில் வண்டலூர்க் காட்டு மதில் மழையில் சரிந்து கிடக்கிறது. அது வழியாகத்தான் புள்ளிமான்கள். மன்னிப்பு கேட்டேன். ஆட்டிடம் கேட்கச் சொன்னாள். அதையும் கேட்டேன்.

மறுநாள் விடியற்காலை நான் தயாராக இருந்தேன். லுங்கி, பனியன், வாயில் விசில், வலது கையில் சிவப்புக் கொடி, இடது கையில் பச்சைக் கொடி. ரிட்டயர் ஆகிற அன்றைக்கு இவை என்னிடம் எப்படித் தங்கின என்று கேட்காதீர்கள். மான்கள் வரிசையாக வந்தன. கொம்பு மான் ஒன்று முன்னால், பெட்டைகள் பின்னால், கடைசியில் ஒரு குட்டி. சிவப்புக் கொடியைத் தூக்கினேன். நின்றுவிட்டன மச்சான்! அத்தனையும் அப்படியே நின்றுவிட்டன. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு பயணி எனக்குக் கீழ்ப்படிந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், பழக்கதோஷம், விசிலை ஊதி இடது கையை உயர்த்திவிட்டேன். அவை உள்ளே வந்துவிட்டன. உங்கள் தங்கை சமையல்கட்டு ஜன்னலிலிருந்து, "பச்சைக் கொடி காட்டினா வராம இன்னா பண்ணும்? நல்லா இருக்குங்க உங்க காவல்!" என்றாள். கோபம் வந்தால் அவள் வாயில் பொழிச்சலூர் வந்துவிடும்.

கொடியை விட்டேன், விசில் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு நாள் விசில் சத்தத்துக்கு ஓடின. அதற்குப் பிறகு ஓடவில்லை. அதற்கும் பிறகு, விசில் ஊதினால்தான் வந்தன. சாப்பாட்டு மணி என்று நினைத்துக்கொண்டன போலிருக்கிறது. இந்தப் பக்கம் எதிர் வீட்டு சூர்யநாராயணன் சார், பாரிமுனை ஆபீஸுக்கு இருபது வருஷம் நம்ம வண்டியில் போய் வந்தவர், ரிட்டயர் ஆகியும் ஆகிறது, விசில் கேட்டதும் தூக்கக் கலக்கத்தில் டிபன் பாக்ஸ் பையோடு தெருவுக்கு ஓடி வந்து நின்றார். நான் விசிலோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏசுபாதம் சார், தயவு செஞ்சு இது வேண்டாம். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது. ட்ரெயின் போயிடுத்துன்னே நினைச்சுட்டேன்" என்றார். பாவம், வெறும் பையாக இருந்தது.

மனுஷ வாசம் என்றால் மான் கிட்டவே வராது, சலூன் முடியைத் தூவுங்கள் என்று நம் சபைத் தம்பி ஒருவர் சொன்னார். சலூன்காரர் எழிலிடம் கேட்டேன். ஒரு சாக்கு நிறையக் கொடுத்துவிட்டு, "சார், பண்டிகை சமாச்சாரம் கேள்விப்பட்டேன். அந்த மீசைய எடுக்கறதா இருந்தா நம்ம கடையிலதான் எடுக்கணும், வேற எங்கியும் போயிடாதீங்க" என்று என் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு சொன்னார். வேலி ஓரமாக முடியைத் தூவி முடிக்கவும் காற்று கிளம்பவும் சரியாக இருந்தது. அவ்வளவும் எதிர் வீட்டு மொட்டை மாடிக்குப் போய், சூர்யநாராயணன் சார் சம்சாரம் அபிதகுஜாம்பாள் மாமி காயப் போட்டிருந்த மோர் மிளகாயில் இறங்கிவிட்டது. மாமி சண்டை போடவில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து வாசலில் நின்று, "மிளகாய் போனா போறது. இது எத்தனை பேரோட தலைன்னு மட்டும் சொல்லிடுங்கோ, இல்லேன்னா எனக்கு மனசு ஆறாது" என்றார்.

இப்போது உங்கள் சிம்சோன் விஷயத்துக்கு வருகிறேன். "எங்க சிம்சோன் குரல் கேட்டா பொழிச்சலூர் பக்கத்து ஏர்போர்ட்டுல ஏரோப்ளேனே இறங்க யோசிக்கும்" என்று சொல்லித்தான் கொண்டுவந்து விட்டீர்கள். வந்த அன்று சாயங்காலம் கொம்பு மான் வேலி ஓரம் வந்து நின்று சிம்சோனைப் பார்த்தது. சிம்சோன் மானைப் பார்த்தது. அடுத்த நிமிஷம் நாய் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை காட்டித்தான் வெளியே எடுத்தோம். இப்போது அந்த மான் குட்டி வந்தால் சிம்சோனே வாலாட்டிக்கொண்டு வேலி வரைக்கும் போய் வழி காட்டி அழைத்து வருகிறது. பண்டிகைக்கு வரும்போது தயவு செய்து அழைத்துப் போய்விடுங்கள். உங்கள் தங்கை விடமாட்டாள், அது வேறு விஷயம்.

அடுத்ததை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் வயலைச் சுற்றிப் பழைய புடவை கட்டி வைப்பதை வண்டியில் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காற்றில் அது படபடத்தால் பன்றி, மான் எதுவும் வராதாம். உங்கள் தங்கை ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பீரோவின் மேலே ஒரு பழைய நூல் புடவை மூட்டை இருந்தது. எடுத்து உதறினேன், உள்ளே இன்னும் ஒன்று வந்தது, நல்லதாய்ப் போயிற்று, நீளம் போதும் என்று இரண்டையும் கட்டினேன். பட்டுப் புடவையைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய நூல் புடவைக்குள் சுற்றி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஆமாம் மச்சான், நீங்கள் ஏஞ்சல் முதல் நற்கருணை வாங்கிய திடப்படுத்தல் ஆராதனைக்குத் தங்கைக்கென்று காஞ்சிபுரம் போய் எடுத்துக் கொடுத்த அதே அரக்குப் பட்டு. கூட்டம் முடிந்து அவளும் மெட்டில்டா அக்காவும் தெருவில் திரும்பும்போது, அது வேலியில் தகதகவென்று பறந்துகொண்டிருந்தது, ஒரு பெட்டை மான் முந்தானை ஜரிகையை வாயில் போட்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மெட்டில்டா அக்கா, "ஐயோ தபீதா, அது உங்க அண்ணன் எடுத்துத் தந்தது இல்ல?" என்றார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி சமாளித்திருப்பேன்.

அன்றிலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. சிம்சோனிடம்தான் பேசுகிறாள். "சிம்சோனு, தட்டு வெச்சிட்டேன்னு சொல்லு", "சிம்சோனு, மாத்திரை போட்டாரான்னு கேளு." நாய் என்னைப் பார்க்கிறது, நான் நாயிடம் பதில் சொல்கிறேன். புடவை முந்தானையில் ஒரு முழம் போய்விட்டது. அதைவிட எனக்கு வருத்தம், அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பதுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தினமும் காலையில் துடைப்பத்தோடு தோட்டத்துக்கு வருகிறாள், மான்கள் போட்டுவிட்டுப் போன புழுக்கையைக் கூட்டிக் கிணற்றடிச் சாக்கில் சேர்க்கிறாள், தன் ரோஜாத் தொட்டிகளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போடுகிறாள், உள்ளே போய்விடுகிறாள். நான் வெண்டைக்காகக் கண்ணீர் விடுகிற இடத்தில் நின்றுகொண்டு அவள் வெண்டையின் மிச்சத்தைக் கூட்டுகிறாள். ரோஜா மட்டும் இந்த வருஷம் தட்டு அகலத்துக்குப் பூக்கிறது. போன ஞாயிறு அவள் தலையில் இருந்ததைப் பார்த்து ஞானஜோதி சாரே, "என்னம்மா உரம் போடறீங்க? என் செடியெல்லாம் மொக்கிலேயே கருகுது" என்று கேட்டார். வீட்டுக் குப்பைதான் சார் என்றாள்.

கடைசியாக வனத்துறைக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கல்லு எறியாதீங்க, கரண்டு கம்பி மட்டும் கட்டிடாதீங்க, அப்புறம் உங்களைத்தான் உள்ள வெக்கணும். மான் நல்லா தாண்டும், உங்க தலைக்கு மேல உயரமா வலை கட்டுங்க, வராது" என்றார். ஏஞ்சல் கோவளத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கி வந்தாள். ஏணி போட்டு நானே கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, நான் வலைக்கு உள்ளே இருந்தேன், அதாவது தோட்டத்துக்கு உள்ளே இல்லை, வலையின் மடிப்புக்கு உள்ளே. கையை எடுத்தால் கால் மாட்டுகிறது, காலை எடுத்தால் பனியன் மாட்டுகிறது. மான்கள் வெளியே வரிசையாக நின்று பார்த்தன. உங்கள் தங்கை வந்து பார்த்து, "சிம்சோனு, எதிர் வூட்டு சாரைக் கூப்புடு" என்றாள். சூர்யநாராயணன் சார் பாக்குவெட்டியோடு வந்து, "அசையாதீங்கோ, அசையாதீங்கோ" என்று சொல்லிக்கொண்டே நல்ல பெரிய ஓட்டையாக வெட்டி என்னை மீட்டார். எனக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மான்கள் அந்த ஓட்டை வழியாக வந்து கத்திரியை முடித்துவிட்டன.

இனி நல்ல செய்தி. மச்சான், எல்லாம் போகவில்லை. குளியலறைச் சுவர் ஓரமாக வந்த அந்தப் பரங்கிக் கொடி தன் பாட்டுக்கு மேலே ஏறி, சரிவான சிமெண்டு ஷீட் கூரையில் படர்ந்து, அங்கே ஒரு காய் விட்டிருக்கிறது. மான் தாண்டினாலும் எட்டாது. நான் ஏணி போட்டால்தான் எட்டும். மஞ்சளாகத் திரண்டு, இரண்டு கையால் அணைத்தாலும் அடங்காமல் உட்கார்ந்திருக்கிறது. அது ஒன்றே கூடையை நிரப்பிவிடும். ஞாயிறு காலையில்தான் அறுக்கப் போகிறேன், புத்தம் புதிதாக.

உங்களிடம் கேட்பது இதுதான். மைக் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் இந்தப் பரங்கிக்காயை எடுங்கள். தலைக்கு மேல் தூக்குங்கள், முதுகு பிடித்தால் இரண்டு இளவட்டங்களை வைத்துத் தூக்குங்கள். "நம்ம மாப்ள சொந்தத் தோட்டத்துல வெளஞ்சது" என்று அடிவயிற்றிலிருந்து சொல்லுங்கள். ஞானஜோதி சார் பக்கம் திரும்பி இன்னொரு முறை சொல்லுங்கள். எனக்காக இல்லை மச்சான். போன வருஷம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவள் இந்த வருஷம் தலை நிமிர்ந்து உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்தால், சிம்சோனை விட்டுவிட்டு என்னோடு பேசுவாள் என்று ஒரு நம்பிக்கை. புடவைப் பேச்சை மட்டும் மைக்கில் எடுக்கவேண்டாம், காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். மான்களைப் பற்றியும் வேண்டாம். பண்டிகை முடிந்த மறுநாளே இரும்புக் கம்பி வேலி, இரண்டு ஆள் உயரத்துக்கு. ஆள் பார்த்துவிட்டேன். இனி என் ஜென்மத்தில் ஒரு குளம்பும் என் மண்ணில் பதியாது.

உங்கள் குரலுக்கு ஒரு குறையும் வராமல், கிறிஸ்டினா அக்காவின் சர்க்கரை ஏறாமல், ஏஞ்சலுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் கூடி வர ஆண்டவர் துணை நிற்பாராக.

உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
கூ. ஏசுபாதம், ரிட்டயர்டு கார்டு.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். ஏஞ்சலுக்கு நேற்று ஆபீஸில் வேலை இழுத்துவிட்டது, வரவில்லை, அதனால் வியாழக்கிழமை இதை எழுத முடிகிறது. நேற்று கடிதத்தை மடித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரங்கிக்காயைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பலாம் என்று ஈரத் துணியோடு ஏணியில் ஏறினேன். தொட்டேன், அவ்வளவுதான். காம்பு விட்டு, கூரைச் சரிவில் உருண்டு, என் காதை உரசிக்கொண்டு கீழே போய் நாலாக உடைந்தது. நான் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் வலை ஓட்டை வழியாகக் குடும்பமே வந்துவிட்டது, சிம்சோன் முன்னால் வழி காட்டிக்கொண்டு. நான் பாதி ஏணியில் பரங்கிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், குட்டி மூக்கெல்லாம் மஞ்சளாக என்னை நிமிர்ந்து பார்க்கிறது. மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், அழுகை வந்தது.

அப்போது பின்னால் சிரிப்புச் சத்தம். உங்கள் தங்கை! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கிணற்றடியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "விடுங்க, துண்ணட்டும். அதுங்களுக்கு இன்னைக்குத்தான் அறுப்பின் பண்டிகை" என்றாள். என்னிடம் சொன்னாள் மச்சான், நாயிடம் இல்லை! நான், "மீசை போச்சு தபீதா" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யார் சொன்னது போச்சுன்னு? நீங்க இன்னா சொன்னீங்க? சொந்தத் தோட்டத்துலேர்ந்து கூடை நெறையன்னுதானே? கூடை இன்னா, மூணு மூட்டையே கீது" என்று கிணற்றடிச் சாக்குகளைத் தட்டிக் காட்டினாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காணிக்கை மேஜையில் பட்டுத் துணி போட்டு மூடிய ஒரு கூடை இருக்கும். பட்டுத் துணி எது என்று கேட்காதீர்கள், அதில் ஒரு முழம் குறைவு, அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இருப்பது காய்ந்த, மணக்காத, முதல் தரமான மான் புழுக்கை உரம். உங்கள் தங்கையின் பெரிய ரோஜாவில் ஒன்றை அதன் நடுவில் செருகி வைப்போம். எலுமிச்சம்பழத்துக்கு விலை ஏற்றின வாயால் இதற்கும் ஏற்றிவிடுங்கள், ரோஜாவைத் தூக்கி ஞானஜோதி சார் பக்கம் மட்டும் திருப்பிக் காட்டினால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். கம்பி வேலிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீன்வலையையும் அவிழ்த்துவிட்டேன். நேற்று சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு மெட்டில்டா அக்காவே அடுத்த வருஷத்துக்கு ஒரு மூட்டை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், சரக்கு வேண்டாமா?

இன்று விடியலில் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, தோட்டத்து வாசலில் நின்று விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டினேன். எதிர் வீட்டு சூர்யநாராயணன் சார் பையோடு வந்துவிட்டார். மான்களும் வந்துவிட்டன. ஒரு நிமிஷம்கூட லேட் இல்லை.